ஓய்வுபெற்ற கவச வண்டிகள்

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் டெய்ம்லர் நிறுவனம் 1952 முதல் 1971 வரை 4409 ஃபெரெட் கவச வண்டிகளைக் கட்டியது. எதிரி எங்கே இருக்கிறான் என்று முன்னால் போய்ப் பார்த்துவந்து சொல்ல வேண்டிய சிறிய வேவு வண்டி அது. நான்கு சக்கரங்கள், இரண்டு ஆட்கள், சுமார் 4 டன் எடை. கவசத் தகட்டின் தடிமன் இடத்துக்கு இடம் 6 முதல் 16 மில்லிமீட்டர் வரை மாறும். இந்தியாவும் இலங்கையும் உட்படப் பல நாடுகளின் படைகள் அதை ஓட்டின. படைகள் கைவிட்ட பிறகு ஃபெரெட்டுகள் பலவும் தனியார் கைகளுக்கு வந்தன. இன்றைக்கும் பிரிட்டனின் கிராமச் சாலைகளில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், எண் தகடு மாட்டிய ஃபெரெட் ஒன்று கார்களுக்கு நடுவே போவதைப் பார்க்க முடியும்.

ஃபெரெட் தனித்து நிற்கவில்லை. எஃப்வி432 என்ற படைவீரர் வண்டி, ஸ்கார்ப்பியன் என்ற இலகுரக டாங்கி, ஆறு சக்கர சாரசென் என்று ஒரு பெரிய குடும்பமே பிரிட்டனில் தனியார் கொட்டகைகளில் வாழ்கிறது. அவற்றை வாங்குகிறவர்களில் விவசாயி உண்டு, ஓய்வுபெற்ற மெக்கானிக் உண்டு, ஒருகாலத்தில் அதே வகை வண்டியை ஓட்டிய படைவீரரும் உண்டு.

இதை விசித்திரமான பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் மேடையில் நிற்கும் கவச வண்டி நமக்குத் தன் வடிவத்தை மட்டுமே காட்டுகிறது. அதன் கியர்கள் ஏன் அப்படி அமைந்தன, எந்த உலோகம் எந்த இடத்தில் தோற்றது, ஓட்டுநரின் கைகால்களுக்கு என்ன வேலை இருந்தது என்பதெல்லாம் வண்டி ஓடும்போதுதான் தெரியும். வரைபடத்திலும் கையேட்டிலும் எழுதப்படாத அறிவு அது. பழைய வண்டியை ஓடவைக்கிறவர்கள் அந்த அறிவைக் காப்பாற்றுகிறார்கள். அவர்களுடைய பட்டறையில் நடக்கும் வேதியியலையும் இயந்திரவியலையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

படையிலிருந்து பட்டறைக்கு

ஒரு வண்டி படைக்குத் தேவையில்லை என்று முடிவானதும் அது ஏலத்துக்கோ ஒப்பந்தப்புள்ளிக்கோ போகிறது. பனிப்போர் முடிந்தபோது இந்த வரத்து பெருகியது. 1990 நவம்பரில் பாரிஸில் கையெழுத்தான ஐரோப்பிய மரபுவழிப் படைகள் ஒப்பந்தம், இரு அணிகளும் வைத்திருக்கக்கூடிய டாங்கிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. ஆயிரக்கணக்கான டாங்கிகள் வெட்டி உருக்கப்பட்டன. சிறிய கவச வண்டிகளும் துணை வண்டிகளும் பெரிய அளவில் சந்தைக்கு வந்தன.

விற்பனைக்கு முன் ஆயுதங்கள் செயலிழக்கச் செய்யப்படும். பீரங்கியின் குழலையும் குண்டு செலுத்தும் பின்பகுதியையும் இனிமேல் சுட முடியாதபடி வெட்டியோ துளையிட்டோ அடைத்தோ விடுவார்கள். பிரிட்டனில் இதற்குத் தனிச் சட்ட நெறிகள் இருக்கின்றன. எஞ்சியிருப்பது கனமான, தடித்த உடம்புகொண்ட ஒரு மோட்டார் வண்டிதான்.

அந்த உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் எப்போதும் நிச்சயமில்லை. 2017-இல் நார்தாம்டன்ஷயர் பகுதியில் ஈராக்கிலிருந்து வந்த சோவியத் பாணி டாங்கி ஒன்றை ஒரு பட்டறையில் பழுதுபார்த்தார்கள். உள்ளே இயந்திரத் துப்பாக்கி ரவைகள் கிடைத்ததால், எரிபொருள் தொட்டியைத் திறக்கும் வேலையை முன்னெச்சரிக்கையாகப் படம் பிடித்துக்கொண்டே செய்தார்கள். தொட்டிக்குள் ஐந்து தங்கக் கட்டிகள் இருந்தன. 1990-இல் குவைத்தில் கொள்ளையடித்ததாக இருக்கலாம் என்று ஊகம். கட்டிகள் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. செய்தித்தாள்கள் தங்கத்தைப் பற்றியே எழுதின. வண்டியைத் திறக்கிறவர்கள் கற்க வேண்டியது அந்த ரவைகளைப் பற்றிய பாடத்தைத்தான்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

அனுபவம் உள்ளவர்கள் புதிதாக வந்த வண்டியில் முதலில் தேடுவது மூன்று ஆபத்துகளை. ஒன்று, மறந்துவிடப்பட்ட வெடிபொருள். இரண்டு, கல்நார். புகைபோக்கிக் குழாயைச் சுற்றிய வெப்பக் காப்பிலும், பிரேக் லைனிங்கிலும், கேஸ்கட்டிலும் அந்தக் காலத்தில் கல்நார் தாராளமாகப் பயன்பட்டது. பிரிட்டன் அதை முழுமையாகத் தடை செய்தது 1999-இல்தான். அதன் நார்கள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை. நோயாக வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். உலர்ந்த பிரேக் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. நனைத்து, மூடிய பையில் கட்டி, முறைப்படி அகற்ற வேண்டும்.

மூன்றாவது ஆபத்து கண்ணுக்கு அழகாக இருக்கும். இரவில் விளக்கில்லாமல் படிப்பதற்காகப் பழைய அளவுமானிகளின் முகப்பில் ரேடியம் கலந்த வண்ணம் பூசினார்கள். ரேடியம் உமிழும் ஆல்ஃபா துகள்கள் துத்தநாக சல்ஃபைடு படிகங்களில் மோத, படிகங்கள் ஒளிர்கின்றன. சில பத்தாண்டுகளில் அந்தப் படிகங்கள் அடிபட்டு அடிபட்டு ஒளிரும் தன்மையை இழந்துவிடும். ரேடியமோ அப்படியே இருக்கும். ரேடியம்-226 இன் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். ஆகவே 1940-களில் பூசிய முள் இன்று இருட்டில் மின்னவில்லை என்பதற்காக அது செத்துவிட்டது என்று எண்ணக் கூடாது. கதிர்வீச்சில் பெரிய குறை எதுவும் இல்லை. அதோடு ரேடியம் சிதைந்து ரேடான் வாயுவாகிறது. கதவடைத்த கவச உடலுக்குள்ளோ காற்றோட்டமில்லாத அலமாரியிலோ அது சேரும். கண்ணாடி உடைந்த மானியைச் சுரண்டுவதும், வீட்டு மேசையில் வைத்துத் துடைப்பதும் உயிரோடு விளையாடுவது. பிற்கால வண்டிகளில் ரேடியத்துக்குப் பதில் டிரிட்டியம் வந்தது. அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், அதன் பீட்டா துகள் கண்ணாடிக் குழாயைக் கூடத் தாண்டாது. குழாய் உடையாத வரை கவலை குறைவு. கதிர்வீச்சு அளக்கும் கைகர் கருவி நல்ல பட்டறைகளில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கவச எஃகின் பிடிவாதம்

துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் தகடு துருவைத் தடுப்பதில்லை என்று நம்பச் சிலருக்குக் கடினமாக இருக்கும். கவச எஃகும் இரும்புதான். ஈரம் தேங்கும் இடங்களில், தரைத் தகட்டின் மூலைகளில், வெளியே பொருத்திய பெட்டிகளுக்குப் பின்னால், துரு மெதுவாகத் தின்கிறது. துரு தான் உண்ட இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இரு தகடுகளுக்கு நடுவே அது வளர்ந்தால் போல்ட்டையே இழுத்து அறுத்துவிடும்.

துருவேறிய பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் துண்டைப் பற்றவைப்பதில்தான் கவச எஃகு தன் குணத்தைக் காட்டுகிறது. கார் உடம்பின் மெல்லிய தகட்டில் கார்பன் மிகக் குறைவு. கவச எஃகில் கார்பன் அதிகம். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் போன்றவையும் சேர்ந்திருக்கும். வெல்டிங் தீ பட்ட இடத்தைச் சுற்றியுள்ள பெரிய குளிர்ந்த தகடு வெப்பத்தை உடனே உறிஞ்சிக்கொள்கிறது. வேகமாகக் குளிர்ந்த எஃகு மார்ட்டென்சைட் என்ற கடினமான, எளிதில் உடையும் நிலைக்குப் போகிறது. வெல்டிங் குச்சியின் பூச்சில் சிறிது ஈரம் இருந்தால் போதும், தீயில் அது பிரிந்து ஹைட்ரஜன் அணுக்கள் உருகிய உலோகத்துக்குள் நுழைகின்றன. மிகச் சிறிய அந்த அணுக்கள் குளிர்ந்த எஃகுக்குள்ளும் நகர்ந்து, இழுவிசை அதிகமுள்ள இடத்தில் கூடுகின்றன. பிறகு எஃகு விரிசல் விடுகிறது.

இந்த விரிசல் உடனே வருவதில்லை. மாலையில் பளபளப்பாக முடிந்த வெல்டிங், இரண்டு நாள் கழித்து யாரும் தொடாதபோது வெடிக்கலாம். அதனால் தகட்டை முன்கூட்டியே சூடேற்றுவார்கள். குச்சிகளைச் சூட்டுப் பெட்டியில் உலர்த்தி வைப்பார்கள். முடித்த பிறகு 48 மணி நேரமாவது காத்திருந்தே சோதிப்பார்கள். இன்னொரு வழி, துருப்பிடிக்காத எஃகு வகையைச் சேர்ந்த ஆஸ்டனைட் குச்சியால் பற்றவைப்பது. அந்த உலோகம் ஹைட்ரஜனைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும், பக்கத்திலுள்ள கடின எஃகுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. இரண்டாம் உலகப் போர்க்கால ஆலைகளில் கவசத் தகடுகளைப் பற்றவைக்க இதே முறை பயன்பட்டது.

டாங்கியை உருவாக்கியவரின் கியர் பெட்டி

ஃபெரெட்டின் பின்புறத்தில் ரோல்ஸ் ராய்ஸ் பி60 என்ற ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 4.26 லிட்டர் கொள்ளளவு. அதன் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டுசேர்க்கும் கியர் பெட்டியில் டாங்கியின் வரலாறே அடங்கியிருக்கிறது. 1915-16இல் வில்லியம் டிரிட்டனுடன் சேர்ந்து உலகின் முதல் டாங்கிகளை வடிவமைத்தவர் வால்டர் கார்டன் வில்சன். டாங்கியை உருவாக்கிய பெருமை முதன்மையாக இவ்விருவருக்குமே உரியது என்று 1919-இல் பிரிட்டிஷ் அரச விசாரணைக் குழு முடிவு செய்தது. ஆரம்ப டாங்கியை ஓட்டவும் திருப்பவும் நான்கு பேர் ஒத்துழைக்க வேண்டியிருந்தது. 1918-இன் மார்க் ஐந்தில் வில்சன் சூரிய-கோள் பல்சக்கர அமைப்பைப் பொருத்தியதும் ஒரே ஓட்டுநர் போதுமென்றானது. போருக்குப் பிறகு அதே அமைப்பைக் கொண்டு அவர் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் முன்தேர்வு கியர் பெட்டியைச் செய்தார். லண்டனின் ஆர்டி வகை இரட்டை அடுக்குப் பேருந்துகளிலும் அதுதான் இருந்தது. பிறகு கவச வண்டிக்கே திரும்பி வந்தது.

நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றும் கோள் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். இம்மூன்றும் எப்போதும் பல்லோடு பல் கோத்தபடியே இருக்கும். வளையத்தை ஒரு பிரேக் பட்டை இறுகப் பிடித்து நிறுத்தினால் ஒரு கியர் கிடைக்கும். இன்னொரு தொகுதியின் வளையத்தைப் பிடித்தால் இன்னொரு கியர். பல்சக்கரங்களை நகர்த்திக் கோக்க வேண்டியதே இல்லை. ஸ்டீயரிங் அருகிலுள்ள நெம்புகோலில் அடுத்துத் தேவைப்படும் கியரை ஓட்டுநர் முன்கூட்டியே தேர்ந்துகொள்வார். தேவையான நொடியில் இடது காலால் பெடலை மிதித்து விட்டால் கியர் மாறும். மேட்டில் ஏறும்போது, குண்டு பாயும்போது, கை ஸ்டீயரிங்கை விட வேண்டாம் என்பது இதன் பெரிய பயன்.

இந்தப் பெடலைக் கிளட்ச் என்று நினைத்து மென்மையாக மிதிப்பதே புதியவர் செய்யும் தவறு. பாதியில் விட்டால், பட்டைகளை இறுக்கும் வலுவான ஸ்பிரிங் தன் விசையைப் பெடல் வழியாகத் திருப்பி அனுப்பும். முழங்கால் பெயரும் அளவுக்கு அடி விழும். முழுதாக, தயங்காமல் மிதிக்க வேண்டும்.

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே கிளட்சே இல்லை. அங்கே இருப்பது எண்ணெய் நிரம்பிய ஓர் இணைப்பு. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்து அது. எதிரெதிரே இரண்டு கிண்ணங்கள், உள்ளே தடுப்பிதழ்கள். எஞ்சினோடு சுழலும் கிண்ணம் எண்ணெயை வீச, அது மற்றக் கிண்ணத்தைத் தள்ளுகிறது. கடத்தப்படும் திருப்புவிசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 500 சுற்றில் கிடைப்பதைப் போல 2000 சுற்றில் 16 மடங்கு கிடைக்கும். அதனால்தான் கியர் விழுந்த நிலையிலும் எஞ்சின் நிற்காமல் வண்டி அமைதியாக நிற்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தியதும் குலுங்காமல் நகர்கிறது. முன்னோக்கி ஐந்து கியர், பின்னோக்கியும் ஐந்து கியர். வேவு பார்க்கப்போன வண்டி, வந்த வேகத்திலேயே பின்வாங்க வேண்டும் என்ற தேவை உலோகத்தில் எழுதப்பட்ட விதம் இது.

முறுக்கேறும் சக்கரங்கள்

சாதாரண நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் தனித்தனி டிஃபரென்ஷியல் இருக்கும். ஃபெரெட்டில் டிஃபரென்ஷியல் ஒன்றே ஒன்று. அது ஆற்றலை இடம், வலம் என்று பிரிக்கிறது. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் முன்னும் பின்னும் ஓடும் ஷாஃப்டுகள் அந்தப் பக்கத்து இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலக் கட்டிப்போடுகின்றன. இதனால் வண்டியின் உயரம் குறைந்தது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் அதே பக்கத்து மற்றச் சக்கரம் இழுத்தது.

தார்ச்சாலையில்தான் சிக்கல். ஒரே பக்கத்து இரு டயர்களின் ஆரம் ஒரு மில்லிமீட்டர் மாறுபட்டால் என்ன ஆகும் என்று கணக்கிடுவோம். ஆரம் 450 மில்லிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 353.7 முறை சுற்றும். 451 என்றால் சுமார் 352.9 முறை. ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ முக்கால் சுற்று வேறுபாடு. ஷாஃப்டுகளோ இரண்டையும் ஒரே எண்ணிக்கை சுற்ற வைக்கின்றன. மண்ணில் டயர் சற்றே வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை. நனைந்த துணியை இருவர் இரு முனையில் பிடித்து முறுக்குவதுபோல் ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். வளைவில் முன் சக்கரங்கள் நீண்ட பாதையில் போவதால் முறுக்கு இன்னும் கூடும். கடைசியில் யுனிவர்சல் ஜாயிண்டோ சாய்பல் சக்கரமோ உடையும்.

உரிமையாளர்கள் இதற்குக் கண்ட வழி எளிமையானது. டயர்களின் சுற்றளவை நாடாவால் அளந்து, ஒரே பக்கத்தில் ஒத்தவற்றைப் போடுவார்கள். காற்றழுத்தத்தைச் சமமாக வைப்பார்கள். நீண்ட தார்ச்சாலைப் பயணத்தில் அவ்வப்போது ஒரு பக்கச் சக்கரங்களைச் சாலையோரப் புல்லிலோ நடைபாதை விளிம்பிலோ ஏற்றி இறக்குவார்கள். சக்கரம் ஒரு கணம் தரைப்பிடியை இழந்ததும் தேங்கிய முறுக்கு விடுபடும். வண்டியின் இயல்பைக் காலாலும் காதாலும் அறிந்தவருக்குத்தான் எப்போது ஏற்றி இறக்க வேண்டும் என்பது தெரியும்.

சங்கிலி மேல் ஓடுவது

நம் ஊரில் செயின் பொக்லைன் போகும்போது பார்த்திருப்போம். கவச வண்டியின் சங்கிலிப் பட்டையும் அதே தத்துவம்தான், வேகம்தான் வேறு. எடையைப் பெரிய பரப்பில் பரப்புவதே அதன் வேலை. கார் டயர் தரையில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ அழுத்தம் தருகிறது. 8 டன் எடையுள்ள ஸ்கார்ப்பியன் தருவது சுமார் 0.36 கிலோ. நடக்கும் மனிதன் ஒரு பாதத்தை மட்டும் ஊன்றும் கணத்தில் தருவதும் ஏறக்குறைய அவ்வளவே. 1982-இல் ஃபாக்லாந்துத் தீவுகளின் ஈரச் சதுப்பு நிலத்தில், கவச வண்டி போகவே முடியாது என்று பலர் நினைத்த இடங்களில், ஸ்கார்ப்பியன்களும் அதன் உடன்பிறப்பான சிமிட்டார்களும் கடந்து போனது இதனால்தான். அந்தக் குடும்பத்தின் வேகமும் பெரிது. 2002 மார்ச் 26 அன்று செர்ட்சி சோதனைத் தடத்தில் ஒரு ஸ்கார்ப்பியன் மணிக்கு 82.23 கிலோமீட்டர் ஓடி, டாங்கிகளின் கின்னஸ் வேகச் சாதனையை எட்டியது.

சங்கிலியில் ஏறத்தாழ 90 இணைப்புகள் இருப்பதாகக் கொள்வோம். இணைப்புகளைக் கோக்கும் ஒவ்வொரு முள்ளும் அதன் துளையும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் மொத்தச் சங்கிலி 9 சென்டிமீட்டர் நீளும். எந்த இணைப்பும் நீளவில்லை, தேய்மானங்கள் கூடிவிட்டன. தொய்ந்த சங்கிலி திருப்பத்தில் சக்கரத்தை விட்டுக் கழன்றுவிடும். முதலில் இறுக்கும் கருவியால் இறுக்குவார்கள். போதாதபோது ஓர் இணைப்பையே கழற்றிவிட்டு மீண்டும் கோப்பார்கள்.

திருப்புவதற்கு ஒரு பக்கச் சங்கிலியை மெதுவாக்க வேண்டும். பிரேக்கால் மெதுவாக்கினால் அந்த ஆற்றல் வெப்பமாகிப் பாழாகும். ஸ்கார்ப்பியனிலுள்ள டிஎன்15 கியர் பெட்டி வேறு வழி கண்டது. உள்பக்கச் சங்கிலியிலிருந்து எடுத்த ஆற்றலை வெளிப்பக்கச் சங்கிலிக்கே கொடுக்கும் மூன்று டிஃபரென்ஷியல் அமைப்பு அதில் இருக்கிறது. ஹென்றி மெரிட் உருவாக்கிய அந்த முறையோடு வில்சனின் பல்சக்கரங்கள் சேர்ந்தன. ஒவ்வொரு கியருக்கும் ஒரு குறிப்பிட்ட திருப்ப வட்டம் உண்டு. தாழ்ந்த கியரில் சிறிய வட்டம், உயர்ந்த கியரில் பெரிய வட்டம். ஆகவே வளைவுக்கு வரும் முன் சரியான கியரில் இருப்பதே ஓட்டுநரின் திறமை.

ஸ்கார்ப்பியன் இலகுவாக இருக்கக் காரணம் அதன் அலுமினியக் கவசம். துத்தநாகமும் மக்னீசியமும் கலந்த உலோகக் கலவை அது. எஃகின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு என்பதால் தடித்த தகடு போட முடிந்தது. தடித்த தகடு தானாகவே விறைப்பாக நின்றது. ஆனால் இந்தக் கலவைக்கு ஒரு பலவீனம் உண்டு. வெல்டிங்கால் உள்ளே தங்கிய இழுவிசை, ஈரம், கலவையின் இயல்பு மூன்றும் ஒன்றுசேர்ந்தால் தகட்டின் விளிம்பிலிருந்து விரிசல் மெல்ல ஊரும். பழைய ஸ்கார்ப்பியன் வாங்குகிறவர் முதலில் எஞ்சினைப் பார்க்க மாட்டார். வெல்டிங் ஓரங்களையும் தகட்டின் வெட்டுமுகங்களையும் விளக்கடித்துப் பார்ப்பார்.

தலையில்லாத எஞ்சினும் ஆவடியும்

எஃப்வி432-இன் பிற்கால வண்டிகளில் ரோல்ஸ் ராய்ஸ் கே60 எஞ்சின் இருக்கிறது. அதில் சிலிண்டர்கள் ஆறு, பிஸ்டன்கள் பன்னிரண்டு. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரு பிஸ்டன்கள் எதிரெதிராக வந்து நடுவில் காற்றை அழுத்துகின்றன. மேலே ஒரு கிராங்க் ஷாஃப்ட், கீழே ஒன்று. இரண்டையும் பல்சக்கரங்கள் இணைக்கின்றன. சிலிண்டர் தலை இல்லை, வால்வு இல்லை. பிஸ்டன் நகர்ந்து சுவரிலுள்ள துளைகளைத் திறக்கும்போது ஊதுகருவி புதுக்காற்றைத் தள்ளிப் புகையை வெளியேற்றுகிறது. 1930-களின் ஜெர்மானிய ஜங்கர்ஸ் ஜூமோ விமான எஞ்சினின் வழிவந்தது இந்த அமைப்பு. டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் என்று போர்க்களத்தில் எது கிடைத்தாலும் ஓட வேண்டும் என்று 1950-களின் இறுதியில் நேட்டோ நாடுகள் விரும்பின. அந்த விருப்பத்திலிருந்து பிறந்த எஞ்சின் கே60.

அதே விருப்பத்திலிருந்து பிறந்த பெரிய அண்ணன் லேலண்ட் எல்60. அதுவும் ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன். பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியில் அது ஓடியது. சென்னையை அடுத்த ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை 1965 முதல் 1980-கள் வரை கட்டிய விஜயந்தா டாங்கியிலும் அதே எஞ்சின்தான், 535 குதிரைத்திறனில். கியர் பெட்டியும் ஸ்கார்ப்பியனுடையதன் மூத்த வடிவமான டிஎன்12. பிரிட்டனின் ஒரு கொட்டகையில் யாரோ கே60-இன் பிஸ்டனைக் கழற்றும்போது, ஆவடித் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் கையாண்ட அதே சிந்தனையைத்தான் தொடுகிறார்.

எல்60-க்குச் சிலிண்டர் லைனர் சீல்கள் கசிவது உள்ளிட்ட நோய்கள் இருந்தன. எல்லா எரிபொருளிலும் ஓடும் எஞ்சின் எதிலும் நிம்மதியாக ஓடவில்லை என்பது பொறியியலில் விலை கொடுத்துக் கற்ற பாடம். அந்தப் பாடத்தைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட, கசியும் லைனரைக் கையில் எடுத்துப் பார்ப்பதே ஒரு மாணவருக்கு ஆழமாகப் பதியும்.

ரப்பரும் எரிபொருளும்

நிறுத்தி வைத்த வண்டியில் முதலில் கெடுவது ரப்பர். காற்றிலுள்ள ஓசோன், ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை இரட்டைப் பிணைப்புள்ள இடங்களில் அறுக்கிறது. ஓடாமலே டயர் வெடிப்பு விடும், ஆயில் சீல் இறுகிக் கசியும். பிரேக்கில் இன்னொரு பொறி. சில வண்டிகளின் பிரேக் கிளைக்கால் திரவத்துக்காகச் செய்யப்பட்டது, சிலவற்றினுடையது கனிம எண்ணெய்க்காக. இயற்கை ரப்பர் சீல் உள்ள அமைப்பில் கனிம எண்ணெயை ஊற்றினால் சீல் ஊறிப் பெருத்து, பிரேக் விடவே விடாது. கையேட்டைப் படிக்காமல் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது.

பெட்ரோலும் மாறிவிட்டது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமானது. நம் நாட்டில் அது 20 சதவீதத்தை எட்டியிருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கிறது, பழைய ரப்பர் குழாய்களை மென்மையாக்குகிறது, தொட்டியில் துருவைக் கூட்டுகிறது. நம்மூர்ப் பழைய ஸ்கூட்டரும் ஃபெரெட்டும் இதில் ஒரே நிலையில்தான். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், நீண்ட நாள் நிறுத்தும்போது தொட்டியைக் காலி செய்வதும் இரண்டுக்கும் பொருந்தும்.

சாலையில்

பிரிட்டனில் சங்கிலி வண்டியைச் சாலையில் ஓட்ட எச் வகை உரிமம் வேண்டும்; அதற்கென்று தனித் தேர்வு உண்டு. தார் கெடாதிருக்க இணைப்புகளில் ரப்பர் பட்டைகள் இருக்க வேண்டும். ஃபெரெட்டில் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சினும் கியர் பெட்டியும் ஷாஃப்டுகளும் ஆட்களும் ஒரே இரும்புக் கூட்டுக்குள். உள்ளே இரைச்சல் காதைப் பிளக்கும், வெப்பமும் தாங்காது. எஃப்வி432-இன் ஓட்டுநருக்குத் தன் வண்டியின் மறுபக்கமும் பின்பக்கமும் தெரியாது. மேல்மூடியில் நிற்கும் இன்னொருவர் ஒலிவாங்கியில் வழி சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கைக் கைவிட்டவருக்கு 15 டன் இரும்பை ஓட்டத் தகுதியில்லை.

எதைக் காப்பது

கலிஃபோர்னியாவின் போர்ட்டோலா வேலியில் ஜாக் லிட்டில்ஃபீல்டு என்பவர் 200-க்கும் மேற்பட்ட படை வண்டிகளைச் சேர்த்தார். போலந்தில் ஓர் ஆற்றிலிருந்து எடுத்த ஜெர்மானியப் பாந்தர் டாங்கியைப் பல ஆண்டுகள் உழைத்து அவர் குழு மீட்டது. 2009-இல் அவர் மறைந்த பின் தொகுப்பின் பெரும்பகுதி ஏலம் போனது. பாந்தர் இன்று மாசசூசெட்ஸில் 2019-இல் திறந்த அமெரிக்கப் பாரம்பரிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தனியார் ஆர்வம் பொதுச் சொத்தாக மாறிய நல்ல எடுத்துக்காட்டு இது.

ஓட்டினால் தேயும், தேய்ந்தால் மூலப் பாகம் போகும். 1943-இல் துனிசியாவில் பிடிபட்ட ஜெர்மானிய டாங்கி டைகர் 131-ஐ இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம் ஆண்டில் மிகச் சில நாள்களே ஓட்டுவது அதனால்தான். எஞ்சியிருப்பது ஒன்றிரண்டு என்றால் அரிதாகவே ஓட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட ஃபெரெட் என்றால் தாராளமாக ஓட்டலாம். எதை மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்று எழுதி வைப்பதுதான் இரண்டுக்கும் பொதுவான கடமை.

வண்டியின் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். 1960 மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் நிறவெறி அரசின் காவல்துறை 69 பேரைச் சுட்டுக் கொன்றது. அன்று அங்கே நின்றவை சாரசென்கள். பளபளக்கும் பச்சை வண்ணத்தின் கீழ் அந்த வரலாற்றை மறைத்தால் அது மீட்பு வேலை ஆகாது. பொறியியலை வியக்கிறவர், அது எதற்குப் பயன்பட்டது என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும்.

நம் நகரங்களில் பீடங்களின் மேல் விஜயந்தாக்கள் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. அவற்றைக் கட்டிய கைகள் ஆவடியைச் சுற்றி இன்னும் இருக்கின்றன, முதுமையில். பொறியியல் கல்லூரிகளும் அருங்காட்சியகங்களும் படைத்துறையும் கைகோத்து, எந்த வெடிபொருளும் இல்லாத ஒரு விஜயந்தாவையாவது மாணவர்கள் திறந்து, கழற்றி, மீண்டும் ஓடவைக்க இடம் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு பிஸ்டன் எஞ்சினை விளக்கிச் சொல்லக்கூடிய அந்தப் பெரியவர்களை இப்போதே அழைத்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து இதைத் தொடங்கினால் கேட்பதற்கு ஆள் இருக்காது.